கனார்டு வைத்த புரொப்பெல்லர் உளவு விமானம் அவலாஞ்சியில் எப்படி விழும்? கதைக்காக ஒரு கேள்வி

கேள்வி: கோத்தகிரியிலிருந்து

அனைவருக்கும் வணக்கம். நான் ஒரு குறுநாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். கதை நடப்பது 1987ஆம் ஆண்டில். அதில் ‘கூகை’ என்ற பெயரில் ஒரு சோதனை விமானம் வருகிறது. அது முழுக்க முழுக்க என் கற்பனை. அப்படி ஒரு விமானம் எங்கும் இருந்ததில்லை. இரண்டு பேர் ஒருவர் பின் ஒருவராக உட்காரும் சிறிய விமானம். வாலில் படுக்கை இறக்கை கிடையாது. அதற்குப் பதிலாக மூக்கை ஒட்டி, கனார்டு என்று சொல்லப்படும் சிறிய முன்னிறக்கை இருக்கிறது. எஞ்சினும் புரொப்பெல்லரும் பின்பக்கம். மூக்கில் கேமரா.

வடக்கு எல்லை மலைகளுக்கு அனுப்புவதற்கு முன்னால், உயரமும் இருட்டும் மெல்லிய காற்றும் ஒருசேரக் கிடைக்கும் இடம் என்று நீலகிரியைத் தேர்ந்தெடுத்து, இரவில் அதை ஓட்டிப் பார்க்கிறார்கள். குந்தா பக்கத்து அணைச் சாலையில் போகும் வண்டிகளை மேலிருந்து எண்ணிக்கொண்டு திரும்ப வேண்டும். கீழே ஹட்டிகள் எனப்படும் படுகர் ஊர்களில் உறங்குகிறவர்களில் ஒருவர்கூட விழித்துக்கொள்ளக் கூடாது. இதுதான் அதற்கு வைக்கப்படும் சோதனை.

கதையின் நடுவில் கூகை, நீலகிரியிலேயே இருக்கும் அவலாஞ்சிக்கு மேலே விழ வேண்டும். விமானி உயிர் பிழைக்க வேண்டும். மேகத்துக்குள் வேகம் குறைந்து, இறக்கை காற்றைப் பிடிக்க முடியாமல் ‘ஸ்டால்’ ஆகி, சுழன்றுகொண்டே விழுந்ததாக வரைவில் எழுதியிருந்தேன். விமானப் பொறியியல் படிக்கும் என் அண்ணன் மகன் அதைப் படித்துவிட்டு, “அத்தை, கனார்டு விமானம் அப்படி விழாது” என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு, விடுமுறை முடிந்து கல்லூரிக்குப் போய்விட்டான். அன்றிலிருந்து அந்த அத்தியாயத்தில் ஒரு வரிகூட நகரவில்லை. ஏன் அப்படி விழாது? அப்படியானால் வேறு எப்படி விழும்? இன்னொன்றும் கேட்க வேண்டும். விமானம் ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேட்டில் வெட்டிய ஓடுபாதையிலிருந்து கிளம்புவதாக எழுதியிருக்கிறேன். அது சரியா? தெரிந்தவர்கள் விளக்கினால் பெரிய உதவியாக இருக்கும்.

மறுமொழி: குன்னூரிலிருந்து

வணக்கம் அம்மா. விமானப்படையில் ஏர்ஃபிரேம், அதாவது விமான உடற்கூட்டுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது குன்னூரில் இருக்கிறேன். உங்கள் அண்ணன் மகன் சொன்னது சரி. ஏன் என்பதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கதையின் முடிச்சே அதில்தான் இருக்கிறது.

வழக்கமான விமானத்தில் பின்னால் இருக்கும் வால் இறக்கை, பெரும்பாலும் கீழ்நோக்கி அழுத்தித்தான் விமானத்தைச் சமநிலையில் வைக்கிறது. அந்த அழுத்தத்தையும் சேர்த்துப் பெரிய இறக்கையே சுமக்க வேண்டியிருக்கிறது. கனார்டு முன்னால் இருந்துகொண்டு மேல்நோக்கித் தூக்குகிறது, அதாவது இரண்டு இறக்கைகளும் சுமையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. 1903இல் ரைட் சகோதரர்கள் பறக்கவிட்ட விமானத்திலேயே சிறிய இறக்கை முன்னால்தான் இருந்தது. 1906இல் பாரிசில் சாண்டோஸ் டுமாண்ட் பறந்த விமானம் கழுத்தை நீட்டிய வாத்தைப் போல இருந்ததால்தான், வாத்தைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லான ‘கனார்டு’ இந்த அமைப்புக்கே பெயராக நிலைத்தது.

இப்போது ஸ்டாலுக்கு வருகிறேன். கனார்டு விமானத்தை வடிவமைக்கிறவர்கள், பெரிய இறக்கைக்கு முன்பாகக் கனார்டுதான் ஸ்டால் ஆக வேண்டும் என்று கணக்குப் போட்டே அதன் அளவையும் கோணத்தையும் முடிவு செய்கிறார்கள். மூக்கை உயர்த்த விமானி இழுக்கும் கைப்பிடியான ஸ்டிக்கை எவ்வளவு பின்னால் இழுத்தாலும், ஒரு கட்டத்தில் கனார்டு தூக்குவதை விட்டுவிடும், மூக்கு தானாகக் கீழே இறங்கும், வேகம் கூடும், கனார்டு மறுபடியும் தூக்கும். பெரிய இறக்கை அந்த எல்லைக்கே போவதில்லை. அமெரிக்காவில் பர்ட் ரூட்டன் வடிவமைத்த வேரிஈசீ, லாங்-ஈசீ போன்ற விமானங்களில் ஸ்டிக்கை வயிற்றோடு ஒட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தால், மூக்கு மெதுவாக எழுவதும் அமர்வதுமாக ஆடிக்கொண்டிருக்குமே தவிர, விமானம் சுழன்று விழாது. நீங்கள் 1987ஐத் தேர்ந்தெடுத்தது மிகவும் பொருத்தம். அதற்கு முந்தைய டிசம்பரில்தான் ரூட்டனின் வாயேஜர், முன்னிறக்கை வைத்த புரொப்பெல்லர் விமானம், எங்கும் இறங்காமலும் எரிபொருள் நிரப்பாமலும் ஒன்பது நாட்களில் உலகைச் சுற்றி வந்தது. நம் பெங்களூரிலும் அந்தப் பத்தாண்டில் என்ஏஎல் என்ற அரசு விமான ஆய்வகத்தார் லாங்-ஈசீயைப் பின்பற்றி ஓர் இலகுரகக் கனார்டு ஆய்வு விமானத்தைக் கட்டிப் பறக்கவிட்டார்கள். ஆகவே 1987இல் தமிழ்நாட்டு மலைமேல் இப்படி ஒன்று பறந்ததாக எழுதினால் விவரம் தெரிந்தவர்களும் நம்புவார்கள்.

இந்தப் பாதுகாப்புக்கு ஒரு விலை உண்டு. பெரிய இறக்கை தன் முழுத் தூக்குவிசையை ஒருநாளும் எட்டுவதில்லை என்பதால், தரையிறங்கும் வேகம் அதிகம். ஓடுபாதையும் நீளமாக வேண்டும். பெரிய இறக்கையின் பின்விளிம்பில் கீழே மடங்கும் பலகையான ஃபிளாப் வைத்து ஈடுகட்டலாம் என்றால், ஃபிளாப் இறங்கியதும் மூக்கு கீழே தள்ளப்படும், அதைக் கனார்டால் தாங்க முடியாது. பீச்கிராஃப்ட் ஸ்டார்ஷிப்பில் இதற்காகவே கனார்டு முன்னும் பின்னும் அசையும்படி செய்தார்கள். உதகையின் உயரமான 2,240 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதே தூக்குவிசை கிடைக்க விமானம் சுமார் 12 விழுக்காடு கூடுதல் வேகத்தில் ஓட வேண்டும். அதே நேரத்தில் டர்போ இல்லாத எஞ்சினின் சக்தியும் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று குறைந்துவிடும். தேயிலை மேட்டில் அந்த நீளத்துக்குச் சமதளம் கிடைக்காது. கூகையை மேட்டுப்பாளையம் பக்கத்துச் சமவெளியிலிருந்து கிளப்புங்கள். நீலகிரியின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டா அங்கிருந்து நேர்க்கோட்டில் சுமார் 25 கிலோமீட்டர். ஏற வேண்டிய உயரம் சுமார் 2,300 மீட்டர். நொடிக்கு 4 மீட்டர் ஏறினால் பத்து நிமிடம் ஆகும். அதற்குள் விமானம் மலையடிக்கு மிக நெருங்கிவிடும் என்பதால், பவானி ஆற்றுக்கு மேலே ஒரு சுற்று சுற்றி உயரம் பிடித்துக்கொண்டு மலையைக் கடப்பதாக எழுதினால் சரியாக இருக்கும்.

கடைசியாக ஒன்று. கனார்டு விமானத்தை வீழ்த்தக்கூடிய நிஜமான ஆபத்து எடை மையம் பின்னால் போவது. அப்போது கனார்டுக்கு முன்பாகப் பெரிய இறக்கை ஸ்டால் ஆகலாம். ஆனால் மூக்கு இறங்காது, விமானம் தட்டையாக உட்கார்ந்தபடியே கீழே வரும், அதிலிருந்து மீள்வது மிகவும் கடினம். எஞ்சின் பின்னால் இருப்பதால், ஆள் இல்லாதபோது லாங்-ஈசீ பின்பக்கம் சாய்ந்துவிடாமல் இருக்க முன்சக்கரத்தை மடக்கி, மூக்கைத் தரையில் ஊன்றி நிறுத்தி வைப்பார்கள். தொழுகையில் குனிந்திருப்பதைப் போல இருக்கும். உங்கள் கதையில் மூக்கிலிருக்கும் கேமராவைக் கழற்றினால், அதே எடைக்கு ஈயக்கட்டி வைக்காமல் யாரும் விமானத்தை எடுக்கக் கூடாது.

மறுமொழி: கொடைக்கானலிலிருந்து

குன்னூர் ஐயா எடை மையத்தைச் சொன்னார். அவலாஞ்சிக்கு அதைவிடப் பொருத்தமான காரணம் ஒன்று இருக்கிறது: மழை.

நான் ரேடியோ கட்டுப்பாட்டு மாதிரி விமானங்கள் செய்கிறவன். சில ஆண்டுகளுக்கு முன் 1.2 மீட்டர் இறக்கையுள்ள ஒரு கனார்டு மாதிரியைச் செய்தேன். நிக்ரோம் கம்பியைச் சூடாக்கித் தெர்மோகோலை இறக்கை வடிவில் அறுத்து, அதன்மேல் கண்ணாடி இழைத் துணியை எப்பாக்சி பிசினால் ஒட்டும் அதே முறைதான். லாங்-ஈசீயைக் கட்டியவர்களும் வேறு வகை நுரையில் இதைத்தான் செய்தார்கள். ஒட்டியது டிசம்பர் மாதம். மூன்று நாள் ஆகியும் பிசின் இறுகாமல் விரலில் ஒட்டிக்கொண்டே இருந்தது. கடைசியில் அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து, உள்ளே 100 வாட் குண்டு பல்பை எரியவிட்டுத்தான் இறுக வைத்தேன். கூகையை மலைமேல் ஒரு கொட்டகையில் கட்டுவதாக எங்காவது எழுதியிருந்தால், அந்தக் கொட்டகைக்குக் கணப்பு வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

அதை வில்பட்டிக்கு மேலே ஒரு புல்மேட்டில் பறக்கவிட்டேன். வெயில் இருந்தவரை அருமையாகப் பறந்தது. பிறகு நம் ஊரில் வழக்கமாக நடப்பதுபோல, பள்ளத்திலிருந்து மஞ்சு ஒரு போர்வை மாதிரி ஏறி வந்தது. மாதிரி விமானம் அதற்குள் நுழைந்து வெளியே வந்தபோது மூக்கு தாழ்ந்திருந்தது. குச்சியை முழுவதும் இழுத்தேன், நிமிரவில்லை. வேகமாகவும் இல்லை, சுழலவும் இல்லை. யாரோ மூக்கில் ஒரு கல்லைக் கட்டிவிட்டதுபோல நிதானமாக இறங்கிக்கொண்டே போய், கீழே ஒரு பேரிக்காய்த் தோட்டத்தில் உட்கார்ந்தது. எடுத்துப் பார்த்தபோது கனார்டின் முன்விளிம்பிலிருந்து பாதி அகலம் வரை நீர்மணிகள் வியர்வைபோல நின்றன. அவற்றின்மேல் விரலை வைத்துத் தடவிப் பார்த்தது இன்றும் நினைவில் இருக்கிறது.

பிறகு தேடிப் படித்தபோதுதான், முழு அளவு விமானங்களிலும் இதே தொல்லை இருந்தது தெரிந்தது. வேரிஈசீயிலும் தொடக்கத்து லாங்-ஈசீயிலும் கனார்டுக்குப் பயன்படுத்திய இறக்கை வடிவம், அதன் தோலை ஒட்டிக் காற்று வழுக்கிக்கொண்டு போகும்வரைதான் நன்றாக வேலை செய்தது. மழைத்துளிகள் அந்தக் காற்றுப் படலத்தைக் கலைத்தவுடன், தூக்குவிசை குறைந்து மூக்கு இறங்கியது. விமானிகள் ஸ்டிக்கைப் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டு பறக்க வேண்டியிருந்தது. பூச்சிகள் அப்பிக்கொண்டாலும் இதே கதைதான். ஜான் ரான்ச் என்பவர் மழைக்கு அசையாத புதிய வடிவம் ஒன்றை வரைந்து கொடுத்த பிறகே இது தீர்ந்தது. கூகையைக் கட்டியவர்கள் பழைய வடிவத்தையே வைத்திருக்கட்டும். வறண்ட சமவெளியில் எத்தனை முறை ஓட்டிப் பார்த்தாலும் இந்தக் குறை தெரிந்திருக்காது.

கோத்தகிரியிலிருந்து

இரண்டு பேருக்கும் என் நன்றி. படித்தவுடன் ஒன்று பளிச்சென்று புரிந்தது. சூலையில் கதையை வைத்தால், தென்மேற்குப் பருவக்காற்று முழுவதையும் குந்தாவும் அவலாஞ்சியும் வாங்கிக்கொள்ளும். தொட்டபெட்டாவுக்குக் கிழக்கே இருக்கும் எங்கள் கோத்தகிரியில் தூறலோடு நின்றுவிடும். மேட்டுப்பாளையத்தில் புழுதிக்காற்று மட்டும் அடிக்கும். எங்களுக்கு உண்மையான மழை ஐப்பசியில்தான். ஆகவே விமானி நட்சத்திரங்களைப் பார்த்தபடி கிளம்பி, மலையைக் கடந்தவுடன் மழைக்குள் நுழைவார். இத்தனை நாள் சன்னலில் நின்று பார்த்த வானம்தான். இதை நானே யோசித்திருக்க வேண்டும்.

மறுமொழி: அருவங்காட்டிலிருந்து

விழுவதைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டீர்கள். எனக்குக் கதையின் அடிப்படையிலேயே ஒரு மறுப்பு இருக்கிறது. கனார்டும் பின்னால் புரொப்பெல்லரும் வைத்த விமானம் ஓசையில்லாமல் பறக்காது.

ஓசையற்ற புரொப்பெல்லர் உளவு விமானம் உலகில் உண்மையாகவே இருந்தது. லாக்கீட் நிறுவனத்தார் ஒரு கிளைடரை அடிப்படையாக வைத்து ஒய்ஓ-3ஏ என்ற விமானத்தைச் செய்தார்கள். மொத்தம் 11தான் கட்டப்பட்டன. 1970-71இல் வியட்நாமில் இரவு நேரத்தில் தாழப் பறந்து கண்காணித்தன. புரொப்பெல்லர் முன்னால் இருந்தது. எஞ்சினிலிருந்து பெல்ட் வழியாக வேகத்தைக் குறைத்து அதை மெதுவாகச் சுழற்றினார்கள். புகைக்குழாய்க்கு நீண்ட மஃப்ளர் வைத்தார்கள். புரொப்பெல்லர் ஓசையை முடிவு செய்வது முக்கியமாக அதன் நுனியின் வேகம். 1.8 மீட்டர் விட்டமுள்ளது நிமிடத்துக்கு 2,700 சுற்று சுற்றினால் நுனி நொடிக்கு சுமார் 254 மீட்டரில் போகும், அதாவது ஒலியின் வேகத்தில் முக்கால் பங்கு. 2.4 மீட்டர் விட்டமுள்ளதை 900 சுற்றில் ஓட்டினால் நுனிவேகம் 113 மீட்டராக இறங்கிவிடும். காதுக்கு இரண்டும் வெவ்வேறு உலகம்.

கூகையில் இதைச் செய்யப் போனால் இரண்டு தடைகள். பின்னால் இருக்கும் புரொப்பெல்லர், பெரிய இறக்கையும் உடலும் கலக்கிவிட்ட காற்றை ஒவ்வொரு சுற்றிலும் வெட்டுகிறது. எஞ்சின் புகையும் அதன்மேலேயே படுகிறது. அதனால் நுனிவேகம் குறைவாக இருந்தாலும் ஓர் இரைச்சல் மிஞ்சும். பின்னால் புரொப்பெல்லர் வைத்த இத்தாலிய விமானமான பியாஜியோ அவந்தி கடந்து போனால் நிமிர்ந்து பார்க்காமலே அதுதான் என்று சொல்லிவிட முடிவது இதனால்தான். இரண்டாவது, மேலெழும்போது மூக்கு உயர்ந்தால் பின்பக்கம் தாழும், 2.4 மீட்டர் புரொப்பெல்லர் ஓடுபாதையில் உரசாமல் இருக்க வேண்டுமென்றால் சக்கரக் கால்கள் கொக்கின் கால்கள்போல நீளமாக வேண்டும். பெயர்ப்பொருத்தத்தைப் பற்றியும் சொல்லத் தோன்றுகிறது. நிஜக் கூகையின் இறகுக்கு முன்விளிம்பில் சீப்புப்போன்ற பற்களும் பின்விளிம்பில் குஞ்சமும் இருப்பதால்தான் அது சத்தமில்லாமல் பறக்கிறது. உங்கள் விமானத்துக்குப் பின்விளிம்பில்தான் புரொப்பெல்லரே இருக்கிறது.

இதற்காக வடிவத்தை மாற்ற வேண்டியதில்லை. விமானத்தைக் கட்டியவர்களுக்குள்ளேயே இந்த வாக்குவாதம் நடக்கட்டும். ஒருவர் மூக்கில் கேமராவுக்கும் கண்ணுக்கும் எதிரே ஒன்றும் இல்லாத திறந்த பார்வைக்காகக் கனார்டை விடமாட்டார். இன்னொருவர் ஓசைக்காகப் புரொப்பெல்லரை முன்னால் கொண்டுவரச் சொல்வார். இருவருமே சரி.

மறுமொழி: உதகையிலிருந்து

சுருக்கமாக ஒரு திருத்தம். நான் உதகை இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸில் வேலை பார்த்தவன். ‘இந்து’ பிலிம் எங்கள் கையில்தான் பிறந்தது. சுவரைத் தடவி நடக்கும் இருட்டில் பல ஆண்டுகள் கழித்தவன் என்பதால் சொல்கிறேன்: 1987இன் பிலிமைக் கொண்டு இரவில் விமானத்திலிருந்து படம் எடுக்க முடியாது. முழுநிலவின் ஒளி சூரிய ஒளியில் சுமார் 4 லட்சத்தில் ஒரு பங்கு. 400 வேகமுள்ள பிலிமும் 2.8 துளையுள்ள லென்சும் இருந்தாலும் ஒரு படத்துக்கு அரை நிமிடம் திறந்து வைக்க வேண்டும். நொடிக்கு 40 மீட்டரில், 600 மீட்டர் உயரத்தில் போகும் விமானத்தில் 300 மில்லிமீட்டர் லென்ஸ் வைத்தால், பிம்பம் பிலிமின்மேல் நொடிக்கு 20 மில்லிமீட்டர் ஓடும். அரை நிமிடத்தில் எல்லாம் கோடாகிவிடும். பகலில் ஒரு நொடியில் 500இல் ஒரு பங்கு நேரம் திறந்தால் ஓட்டம் 0.04 மில்லிமீட்டர்தான், வண்டிகளைத் தெளிவாக எண்ணலாம். ஆகவே இரவு வேலைக்கு மங்கிய ஒளியைப் பெருக்கிக் காட்டும் இரவுக்காட்சிக் கருவியைப் பின்னிருக்கைக்காரர் கண்ணில் வைத்து எண்ணட்டும். பிலிம் கேமராவை விடியற்காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கோத்தகிரியிலிருந்து

பின்னிருக்கையில் எண்ணுகிறவர் ஒருவர் வந்ததும் கதைக்கு ஒரு புதிய ஆளே கிடைத்துவிட்டார். உதகை ஐயாவுக்கு மிக்க நன்றி. வாக்குவாதக் காட்சியையும் எழுதத் தொடங்கிவிட்டேன். கொடைக்கானல் நண்பரிடம் மட்டும் இன்னும் ஒரு கேள்வி. மழைக்குள் நுழைந்த அந்த நேரத்தில், மேகத்துக்குள் வெளியே எதுவும் தெரியாதபோது, விமானிக்கு முதலில் எது தெரியவரும்?

மறுமொழி: கொடைக்கானலிலிருந்து

நான் தரையில் நின்று ஓட்டியவன். இருந்தாலும் படித்ததையும் கையில் உணர்ந்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். முதலில் கண்ணாடியில் துளி படும் ஓசை. பிறகு ஸ்டிக் தன்னைவிட்டு முன்னால் நழுவுவது போல இருக்கும். அவர் யோசிக்காமலே கொஞ்சம் இழுத்துப் பிடிப்பார். சற்று நேரத்தில் இன்னும் கொஞ்சம். எஞ்சின் ஓசையில் மாற்றமே இருக்காது. இழுத்து இழுத்துக் கை வயிற்றைத் தொட்ட பிறகும் உயரமானியின் முள் பின்னோக்கி நகர்வதை அப்போதுதான் பார்ப்பார். அவலாஞ்சி குந்தா மலைத்தொடருக்குக் கிழக்கே இருக்கிறது. தென்மேற்குக் காற்று தொடரைத் தாண்டிக் கீழே இறங்குவது அங்கேதான். ஆக, நனைந்த கனார்டும் இறங்கும் காற்றும் ஒரே நேரத்தில் சேர்ந்துகொள்கின்றன.

மறுமொழி: குன்னூரிலிருந்து

அவரைப் பிழைக்க வைக்க வேண்டுமென்றால் பாறையிலோ மரத்திலோ மோதவிடாதீர்கள் அம்மா. எஞ்சின் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. சட்டென்று நின்றால் அது முன்னால் வந்துவிடும். அவலாஞ்சி ஏரிக்கு மேலே, சோலைக்கும் சோலைக்கும் நடுவில் இருக்கும் புல்சரிவில், மேடு ஏறும் திசையில் உரசி இறங்கட்டும். சூலை மழையில் அந்தப் புல் வழுக்கும். விமானம் நீண்ட தூரம் சறுக்கித்தான் நிற்கும். நின்ற பிறகு அவர் முதலில் செய்ய வேண்டியது எரிபொருள் வால்வை மூடுவது.